டட்டன் வீட்டுப் பெண்

சட்டைக்காரர்கள் – 12

சென்ற இதழில் கிழக்கிந்தியக் கம்பெனியின் இரண்டு உத்தரவுகளோடு நிறுத்தியிருந்தேன். 1791-ல் ஒன்று: பெற்றோரில் ஒருவர் இந்தியர் என்றால் கம்பெனியின் உயர் உத்தியோகம் கிடையாது. 1795-ல் இன்னொன்று: படையிலும் இடமில்லை, குழலூத, முரசடிக்க, பேண்டு வாசிக்க, குதிரைக்கு லாடம் கட்ட மட்டும் வைத்துக்கொள்ளலாம். இதழ் கடைக்கு வந்த மூன்றாம் நாள் ஆம்பூரிலிருந்து ஒரு வாசகர் கூப்பிட்டார். ஷூ கம்பெனி ஒன்றில் தோல் வெட்டும் பிரிவில் இருக்கிறாராம்.

“லாடம் கட்டுனது, முரசடிச்சது எல்லாம் சரி சார். என் பையன் ராத்திரி முழுக்க செல்லுல பிலிப்பைன்ஸ் பாஸ்கெட்பால் பாக்குறான். அந்த ஊர் டீம்ல நெறைய பேருக்கு அப்பா அமெரிக்கா, அம்மா உள்ளூரு. அங்க அவங்கதான் ஹீரோ. நம்ம சட்டைக்காரங்கள்ல அந்த மாதிரி யாராச்சும் பாஸ்கெட்பால் ஆடுனாங்களா? எனக்குத் தெரிஞ்சு அவங்கன்னா ஹாக்கிதான்.”

ஹாக்கி என்று அவர் சொன்னதில் தப்பில்லை. 1928-ல் ஆம்ஸ்டர்டாமில் இந்தியா முதல் ஒலிம்பிக் தங்கம் வாங்கிய அணியில் பெரும்பகுதி ஆங்கிலோ இந்தியர்கள், அதாவது நம் ஊர்ப் பேச்சில் சட்டைக்காரர்கள்தான். அதைத் தனியாகவே எழுத வேண்டும், எழுதுவேன். ஆனால் பாஸ்கெட்பாலுக்கும் ஒருவர் இருக்கிறார். அவர் ஆண் இல்லை. சம்பளத்துக்கு ஆடியவரும் இல்லை. இந்தியப் பெண்கள் அணியின் கேப்டன். பெயர் ஜெனிஃபர் டட்டன். கல்யாணத்துக்குப் பிறகு ஜெனிஃபர் பயஸ். பிறந்தது, வளர்ந்தது, ஆடியது எல்லாம் வங்காளப் பக்கம். அப்புறம் நம் தொடரில் அவருக்கு என்ன வேலை என்று கேட்கலாம். அந்தக் குடும்பத்தில் ரத்தம் கலந்த இடம் நம்முடைய மதராஸ். அதைச் சொல்ல 1848-க்குப் போக வேண்டும்.

அந்த ஆண்டு ஜனவரியில் கல்கத்தாவிலிருந்து வந்த கப்பலில் 24 வயதை எட்டிக்கொண்டிருந்த ஒரு வங்காளி மதராஸில் இறங்கினார். கையில் காசில்லை. ஐந்து வருடம் முன்பே கிறிஸ்தவராக மாறியிருந்ததால் வீட்டில் இடமில்லை. பெயர் மதுசூதன் தத். ஜெஸ்ஸூர் பக்கம் சாகர்தாரி என்ற ஊரில் வசதியான குடும்பத்துப் பிள்ளை. பின்னாளில் வங்கக் கவிதையையே புரட்டிப் போட்டவர். ராவணன் மகன் இந்திரஜித்தைக் காவிய நாயகனாக்கி 1861-ல் ‘மேகநாத வத காவியம்’ எழுதியவர். ஆனால் மதராஸில் இறங்கிய அன்று அவர் மனதில் வங்காளமே கிடையாது. ஆங்கிலத்தில் எழுதி மில்டன் மாதிரி ஆக வேண்டும் என்பதுதான் எண்ணம்.

அவருக்குக் கிடைத்த வேலை, ஆண் அநாதைகள் விடுதியின் பள்ளியில் வாத்தியார் உத்தியோகம். இந்த விடுதி நம் தொடருக்குப் பழைய பழக்கம். ஐரோப்பியப் படைவீரர்களுக்கும் உள்ளூர்ப் பெண்களுக்கும் பிறந்து, தகப்பன் செத்தோ கப்பலேறியோ போன பிறகு நிர்க்கதியாய் நின்ற பையன்களுக்காக ஏற்பட்டது. 1789-ல் இதற்கு மேற்பார்வையாளராக வந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், நம் திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். மூத்த பையன் இளையவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையோடு அதையும் சேர்த்துத் தன் விடுதியில் நடத்தினார். ஊர் திரும்பி அதைப் புத்தகமாகப் போட்டார். இங்கிலாந்தில் ஏழைப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் அந்த முறையில் படித்தார்கள். அதற்கு ‘மதராஸ் முறை’ என்றே பெயர். திண்ணை வாத்தியாருக்கு ஒரு நன்றிச் சீட்டுக்கூட வரவில்லை என்பது வேறு கதை.

மதுசூதன் அந்த விடுதிப் பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டே பத்திரிகைகளில் எழுதினார். 1849-ல் ‘கேப்டிவ் லேடி’ என்ற ஆங்கிலக் கவிதை நூலை மதராஸிலேயே அச்சிட்டார். நூல் போன கல்கத்தாவில், பெதூன் என்ற வெள்ளைக்கார அதிகாரி, இந்தத் திறமையை உன் தாய்மொழியில் காட்டக்கூடாதா என்கிற மாதிரி ஆலோசனை சொன்னார். அந்தச் சமயத்தில் மதுசூதன் நண்பர் கௌர்தாஸ் பசாக்குக்கு எழுதிய ஒரு கடிதம் பிரசித்தம். தன் தினசரி அட்டவணையைக் கொடுத்திருப்பார்: காலை ஹீப்ரு, பிறகு பள்ளிக்கூடம், மதியம் கிரேக்கம், அப்புறம் தெலுங்கும் சமஸ்கிருதமும், சாயந்திரம் லத்தீன், ராத்திரி ஆங்கிலம். அதே கடிதத்தில் தினமும் பல மணி நேரம் தமிழுக்குக் கொடுப்பதாகவும் சொல்கிறார். அட்டவணையில் தமிழுக்கு மணி ஒதுக்கவில்லை. நண்பனுக்குக் கடிதம் எழுதும் இளைஞன் கணக்குத் தப்புவது சகஜம்தான். ஆனாலும் படிக்கும்போதெல்லாம் எனக்கு லேசான மனக்குறை உண்டு.

வந்து சில மாதங்களுக்குள் கல்யாணம். பெண் ரெபெக்கா தாம்ப்சன் மக்டாவிஷ். பெண் அநாதைகள் விடுதியில் வளர்ந்தவள். அந்தக் காலத்தில் வெள்ளைக்காரன் இந்தியப் பெண்ணோடு வாழ்வது யாருக்கும் அதிசயமில்லை. இந்திய ஆண் ஒருவன் ஆங்கிலப் பெயருள்ள பெண்ணைத் தேவாலயத்தில் கைப்பிடித்தால் ஊர் சும்மா இருக்காது, இருக்கவில்லை. நான்கு குழந்தைகள் பிறந்தார்கள். அதற்குள் இன்னொரு பெண் வந்துவிட்டாள். அதே விடுதிப் பள்ளியில் உடன் வேலை பார்த்த ஜார்ஜ் வைட்டின் மகள் ஹென்ரியெட்டா. பழைய வாழ்க்கை வரலாறுகள் இவளைப் பிரெஞ்சுக்காரி என்று எழுதிவைத்தன. குலாம் முர்ஷித் என்ற ஆய்வாளர் பழைய பதிவேடுகளைத் துழாவி, இவள் நம்ம மதராஸ் வாத்தியார் வீட்டுப் பெண்தான் என்று நிலைநாட்டினார்.

1856-ன் தொடக்கத்தில் மதுசூதன் கல்கத்தாவுக்குக் கப்பலேறினார். ரெபெக்காவையும் நான்கு குழந்தைகளையும் மதராஸிலேயே விட்டுவிட்டார். திரும்பி வரவே இல்லை. ஹென்ரியெட்டா பின்னாலேயே போய்ச் சேர்ந்தாள். ரெபெக்காவோடு விவாகரத்து ஆனதாகத் தெரியவில்லை என்கிறார்கள் வரலாறு எழுதியவர்கள். கவிஞரின் மேதைமைக்கு முன்னால் இதெல்லாம் சில்லறை விஷயம் என்று தாண்டிப் போகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தாண்ட மனம் வரவில்லை. பிள்ளைகளை விட்டுவிட்டுக் கப்பலேறும் தகப்பன் என்றால் வெள்ளைக்காரன் என்றுதான் இந்தத் தொடரில் பன்னிரண்டு இதழாக எழுதி வருகிறேன். இங்கே கப்பலேறியவன் வங்காளி. கரையில் நின்றவள் ஆங்கிலப் பெயர்க்காரி. ரெபெக்கா அதற்குப் பிறகும் முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் மதராஸில் உயிரோடு இருந்தாள்.

ஹென்ரியெட்டாவுக்குப் பிறந்த பெண்ணுக்குச் சர்மிஷ்டா என்று பெயர். மகன்களில் ஒருவன் பெயரில் மில்டன், இன்னொருவன் பெயரில் நெப்போலியன். தகப்பனாரின் ஆசைகள் அத்தனையும் பிள்ளைகளின் ஞானஸ்நானச் சீட்டில் இருக்கின்றன. பாரிஸ்டர் படிப்பு, வெர்சேல்ஸில் வறுமை, கல்கத்தாவில் கடன், குடி. 1873 ஜூன் 26-ம் தேதி ஹென்ரியெட்டா இறந்தாள். மூன்றே நாளில், 29-ம் தேதி, மருத்துவமனையில் மதுசூதனும் போய்விட்டார். கடைசிப் பிள்ளை ஆல்பர்ட் நெப்போலியன் அப்போது சிறுவன். அநாதைகளுக்குப் பாடம் சொன்னவரின் பிள்ளைகள் அநாதைகளாக நின்றார்கள்.

இந்த நெப்போலியனின் வழியில்தான் ‘தத்’ என்பது ‘டட்டன்’ ஆனது. ஓரிரு எழுத்தைக் கூட்டி, ஓசையைக் கொஞ்சம் மாற்றினால் வங்காளப் பெயர் இங்கிலீஷ் பெயராகிவிடுகிறது. ஜோலார்பேட்டையிலும் அரக்கோணத்திலும் இந்த வித்தை தெரிந்த குடும்பங்கள் உண்டு. ஜெனிஃபர் டட்டனுக்கு மதுசூதன் கொள்ளுத் தாத்தா. ஜெனிஃபரின் மகனுக்கு எள்ளுத் தாத்தா.

இனி பந்துக்கு வருவோம்.

கூடைப்பந்து 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளி ஒன்றில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் குளிர்கால வகுப்புக்காகக் கண்டுபிடித்த ஆட்டம். பழம் பறிக்கும் கூடை இரண்டை மாட்டி, கால்பந்தை எடுத்துப் போட்டு ஆடச் சொன்னார். அங்கிருந்து உலகம் முழுக்க அதைக் கொண்டுபோனது ஒய்.எம்.சி.ஏ.க்காரர்கள்தான். 1910-ல் எல்வுட் பிரவுன் என்பவர் மணிலாவில் போய் இறங்கினார். ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த ஹாரி குரோ பக் மதராஸுக்கு வந்து, 1920-ல் உடற்பயிற்சி ஆசிரியர்களுக்கென்றே ஒரு கல்லூரி தொடங்கினார். அதுதான் பின்னால் நந்தனத்தில் மரங்களுக்கு நடுவே குடியேறிய ஒய்.எம்.சி.ஏ. கல்லூரி. 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போன இந்திய அணியின் மேலாளரும் இவரே. தமிழ்நாட்டுப் பள்ளிகளில் விசில் கட்டிய பி.டி. வாத்தியார் என்றொரு பிறவி உண்டானதற்கு மூலகாரணம் இவர் என்று சொல்லலாம்.

ஆக, ஒரே கிணற்றுத் தண்ணீர் இரண்டு வாய்க்காலில் ஓடியது. மணிலா வாய்க்கால் வெள்ளமாயிற்று. 1913 முதல் நடந்த தூர கிழக்கு விளையாட்டுப் போட்டிகளில் 1921-ஐத் தவிர ஒவ்வொரு முறையும் கூடைப்பந்தில் பிலிப்பைன்ஸ்தான் ஜெயித்தது. 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் ஐந்தாம் இடம். 1954 உலகப் போட்டியில் வெண்கலம். 1975-ல் ஆசியாவின் முதல் தொழில்முறைக் கூடைப்பந்து லீக் அங்கேதான் தொடங்கியது. நம் வாய்க்காலில் தண்ணீர் மெதுவாகத்தான் வந்தது. முதல் தேசியப் போட்டி 1934-ல் டெல்லியில், கூட்டமைப்பு 1950-ல். ஏன் இந்த வித்தியாசம்? அமெரிக்கா அங்கே ஆண்டது, இங்கே பிரிட்டன் ஆண்டது, ஆண்டவன் ஆட்டம்தான் குடிமக்கள் ஆட்டம் என்பது பாதி பதில். இங்கே ஹாக்கியும் கிரிக்கெட்டும் முன்னமே வந்து உட்கார்ந்துவிட்டன. மீதிப் பாதி சம்பளம். அதற்குப் பிறகு வருகிறேன்.

ஜெனிஃபர் டட்டன் வங்காளத்தில் ஆடி, இந்திய அணிக்கு வந்து, 1980-ல் ஹாங்காங்கில் நடந்த ஆசியப் பெண்கள் கூடைப்பந்துப் போட்டியில் கேப்டனாக நின்றார். அதே ஆண்டு ஆண்கள் அணிக்கு ஒரு குருட்டு அதிர்ஷ்டம் அடித்தது. மாஸ்கோ ஒலிம்பிக்கைப் பல நாடுகள் புறக்கணிக்க, காலியான இடத்தில் இந்தியா ஆட நேர்ந்தது. ஒரு ஆட்டத்திலும் ஜெயிக்கவில்லை. ஆனாலும் ஒலிம்பிக் ஒலிம்பிக்தான். அந்த அணியைப் பற்றிச் சில பத்திகளாவது எழுதப்பட்டிருக்கின்றன. ஹாங்காங் போன பெண்களைப் பற்றிக் கிடைப்பது அநேகமாக ஒரு வரி, அதுவும் மகனின் வாழ்க்கைக் குறிப்பில் வரும் ஒரு வரி: ‘அவருடைய தாயார் 1980-ல் இந்தியக் கூடைப்பந்து அணிக்குத் தலைமை வகித்தவர்.’ ஒரு நாட்டின் அணிக்குக் கேப்டனாக இருந்த பெண், இன்னொருவரின் கதையில் அடைப்புக்குறிக்குள் உட்கார்ந்திருக்கிறார்.

இதை ஆம்பூர் வாசகரிடம் திருப்பிக் கூப்பிட்டுச் சொன்னபோது அவர் கேட்ட கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. “அந்தம்மா ஆடுனது எந்த நம்பர் பந்து சார்? ஆறா, ஏழா?”

தோல் வெட்டுகிறவருக்கு அளவுதான் முதலில் கண்ணில் படும். நல்ல கேள்வி. இன்று பெண்கள் ஆடுவது ஆறாம் நம்பர் பந்து. சுற்றளவு 72 சென்டிமீட்டர் சொச்சம். சர்வதேச ஆட்டத்தில் அது வந்தது 2004-ல்தான். ஜெனிஃபர் ஆடிய காலத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே ஏழாம் நம்பர், 75 சென்டிமீட்டருக்கு மேல். கை சின்னதாக இருந்தால் ஒற்றைக் கையில் பிடிபடாத பந்து. மூன்று புள்ளிக் கோடும் கிடையாது. சர்வதேச விதியில் அது 1984-ல் வந்தது. இருபது அடி தூரத்திலிருந்து போட்டாலும் இரண்டுதான், வளையத்துக்கு அடியில் நின்று போட்டாலும் இரண்டுதான். ஆகையால் ஆட்டம் முழுக்க வளையத்தடியில்தான்: முழங்கை, தோள், இடுப்பு. பந்து கைக்கு வந்தால் முப்பது நொடிக்குள் எறிய வேண்டும். இருபது நிமிடம், இடைவேளை, மறுபடி இருபது நிமிடம். வளையம் அன்றைக்கும் இன்றைக்கும் அதே பத்தடி உயரம். இந்தியாவில் பழகியது பெரும்பாலும் திறந்தவெளி சிமெண்ட் தரையில். அதில் ஒரு முறை சறுக்கி விழுந்தால் முட்டியில் தோல் இருக்காது.

தோல் என்றதும் ஒரு கிளைக்கதை. நான் இதை எழுதுவது அமிர்தியில், ஜவ்வாது மலை அடிவாரத்தில். வேலூரிலிருந்து கணியம்பாடி வழியாக வரும் சாலையோரம் இப்போதும் ஆவாரஞ்செடி மஞ்சளாகப் பூத்துக் கிடக்கிறது. குரோம் வருவதற்கு முன்னால் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை தொட்டிகளில் ஊறியதெல்லாம் இந்த ஆவாரம்பட்டைச் சாறுதான், மெருகுக்குக் கடுக்காய். இன்று இந்தப் பக்கத்துத் தோல் உலகத்துக் கால்களுக்கெல்லாம் ஷூவாகப் போகிறது. ஆனால் அமெரிக்காவின் என்.பி.ஏ. லீக் ஆடும் பந்தின் தோல் சிகாகோவில் ஹார்வீன் என்ற பழைய டேனரியிலிருந்து வருகிறது. 2006-ல் அந்த லீக் ‘தோல் வேண்டாம், செயற்கைப் பந்து’ என்று மாறிப் பார்த்தது. வழுக்குகிறது, விரல் நுனியெல்லாம் வெட்டுகிறது என்று ஆட்டக்காரர்கள் கூச்சல் போட்டார்கள். 2007 ஜனவரி முதல் தேதியே தோல் பந்து திரும்பி வந்துவிட்டது. இதையும் ஆம்பூர்க்காரரிடம் சொன்னேன். “தோலுக்கு ஈடு தோல்தான் சார்” என்றார், ஏதோ தானே பதனிட்டுக் கொடுத்த மாதிரி.

அவருடைய பையன் பார்க்கும் பிலிப்பைன்ஸுக்குப் போவோம். அங்கே கலப்புப் பிறப்பு ஆட்டக்காரன் என்றதும் ஒரு தலைமுறைக்கு நினைவு வரும் பெயர் ராபர்ட் ஜவோர்ஸ்கி. 1946-ல் பாகியோ நகரில் பிறந்தவர். தகப்பன் போலந்து வம்சாவளி அமெரிக்கர். தாய் இலோகானோ இனப் பெண். வளர்த்தது தாய்தான். நம் தொடரில் வருகிற எத்தனையோ பிள்ளைகளின் கதையும் இதுவே. 1967-ல் சியோலில் ஆசியக் கோப்பையை வென்ற அணியில் இருந்தார், அடுத்த ஆண்டு மெக்ஸிகோ ஒலிம்பிக்குக்குப் போனார். 1971-ல் ஒரு ஆட்டத்தில் நடுவரை அடித்து, தடை வாங்கினார். லீக் தொடங்கியதும் டொயோட்டா அணி. 1978-ல் லீக்கின் சிறந்த ஆட்டக்காரர். 1984-ல் இன்னொரு அணிக்குப் போனார். பிறகு அங்கேயே ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் ஒரே ஆள். அந்த அணிதான் ‘ஹினேப்ரா’ என்ற பெயரில் நாட்டுக்கே செல்லப் பிள்ளையானது.

1985-ல் ஒரு ஆட்டம். எதிரணிக்காரரின் முழங்கை பட்டு ஜவோர்ஸ்கியின் உதடு கிழிந்தது. மருத்துவமனைக்குத் தூக்கிப் போனார்கள். ஒன்பது தையல். அணி இங்கே தோற்றுக்கொண்டிருந்தது. தையல் போட்ட உதட்டோடு அரங்கத்துக்குத் திரும்பி வந்து, களத்தில் இறங்கினார். அணி எழுந்து ஆடி ஜெயித்தது. ‘சாகிற பேச்சே இல்லை’ என்கிற பொருளில் ஹினேப்ரா ரசிகர்கள் இன்றுவரை போடும் கோஷம் அந்த இரவோடு ஒட்டிக்கொண்டது. ஐம்பது வயது தாண்டியும் பனியனைக் கழற்றாமல் ஆடினார். 1998-ல் மக்கள் ஓட்டுப் போட்டு செனட்டர் ஆக்கினார்கள். தகப்பன் ஊர் எது என்று யாரும் ஓட்டுச்சாவடியில் கேட்கவில்லை.

ஆனால் லீக் கேட்டது. தொண்ணூறுகளின் கடைசியில் அமெரிக்காவிலிருந்து ‘எங்கம்மா பிலிப்பினோ, பாட்டி பிலிப்பினோ’ என்று சொல்லிக்கொண்டு வந்து இறங்கியவர்களில் சிலருடைய சான்றிதழ் போலி என்று பெரிய ரகளை ஆயிற்று. சிலர் நாடு கடத்தப்பட்டார்கள். நாட்டு அணிக்கு வேறு ஒரு கணக்கு உண்டு. சர்வதேசக் கூட்டமைப்பின் விதிப்படி, 16 வயதுக்கு முன்பே அந்த நாட்டுப் பாஸ்போர்ட் வாங்கியிருந்தால்தான் உள்ளூர் ஆட்டக்காரர். அப்புறம் வாங்கினால், தாய் அந்த மண்ணில் பிறந்த பெண்ணாகவே இருந்தாலும், குடியேற்றப்பட்டவர் என்ற பட்டியல்தான். அணிக்கு ஒருவருக்கு மட்டுமே இடம். என்.பி.ஏ.வில் ஆடும் ஜோர்டன் கிளார்க்சனின் தாய் பிலிப்பினோ வம்சாவளி. பம்பாங்கா மாகாணத்துப் பாட்டி. 2023 உலகக் கோப்பையில் பிலிப்பைன்ஸுக்காக அவர் ஆடியபோது அந்த ஒற்றை இடத்தில்தான் ஆட வேண்டியிருந்தது. பாட்டி கை பிடித்து வளர்த்த கதையெல்லாம் பாஸ்போர்ட் தேதிக்கு முன்னால் நிற்காது.

நம் அரசியல் சட்டத்திலும் இப்படி ஒரு கத்தரிக்கோல் இருக்கிறது. 366-வது பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, ஆங்கிலோ இந்தியர் என்றால் யார் என்று சொல்கிறது. தகப்பனோ, தகப்பன் வழியில் வரும் ஆண் முன்னோர் யாரேனுமோ ஐரோப்பிய வம்சமாக இருக்க வேண்டும். இந்த நாட்டில் நிலையாக வாழும் பெற்றோருக்கு இங்கே பிறந்திருக்க வேண்டும். தாய் வழி கணக்கில் இல்லை. இதை வரிக்கு வரி எடுத்து டட்டன் குடும்பத்துக்கு வைத்துப் பாருங்கள். பெயர் ஆங்கிலம், மதம் கிறிஸ்தவம், கொள்ளுப் பாட்டி மதராஸ் ஹென்ரியெட்டா வைட். ஆனால் ஆண் வழியில் மேலே போனால் நிற்பது சாகர்தாரி மதுசூதன் தத். அந்தக் கோட்டில் சட்டப்படி ஆங்கிலோ இந்தியன் கிடையாது! தகப்பன் வெள்ளைக்காரனாகவும் தாய் இந்தியப் பெண்ணாகவும்தான் கலப்பு நடக்கும் என்று சட்டம் எழுதியவர்கள் நினைத்திருக்கிறார்கள். மாறி நடந்த வீடு அவர்கள் கண்ணில் படவில்லை. இந்த வரையறையை வைத்துத்தான் மக்களவைக்கும் சட்டமன்றங்களுக்கும் நியமன உறுப்பினர்கள் வந்தார்கள். 104-வது திருத்தத்தால் 2020 ஜனவரியோடு அதுவும் முடிந்துவிட்டது.

சம்பளத்துக்கு வருகிறேன் என்று சொன்னேனே. ஜவோர்ஸ்கி ஆடிய அணிகளின் பெயர்களைக் கவனித்திருப்பீர்கள்: டொயோட்டா, மது வகையின் பெயரில் ஹினேப்ரா. அங்கே அணி என்றாலே ஒரு கம்பெனி. இங்கேயும் அப்படித்தான், ஆனால் கம்பெனி வேறு: ரயில்வே, வங்கி, போலீஸ். சென்னையில் கூடைப்பந்து என்றால் இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, ஐ.சி.எஃப்., தென்னக ரயில்வே. அங்கே ஆட்டத்துக்குக் காசு. இங்கே உத்தியோகத்துக்குக் காசு. ஆட்டம் அந்த உத்தியோகத்துக்கு நுழைவுச் சீட்டு. 19 வயதில் இந்திய அணிக்குக் கேப்டனாகி, 2021-ல் பத்மஸ்ரீ வாங்கிய நம் அனிதா பால்துரை தென்னக ரயில்வே ஊழியர். ஆஸ்திரேலியக் கிளப்பில் சம்பளத்துக்கு ஆடிய முதல் இந்தியப் பெண்ணான கீது அன்னா ஜோஸும் தென்னக ரயில்வேதான். பிள்ளையைப் பாஸ்கெட்பாலுக்கு அனுப்பும் தகப்பன் இன்றும் வளையத்தைப் பார்ப்பதில்லை, ரயில்வே ஸ்போர்ட்ஸ் கோட்டாவைப் பார்க்கிறான். குறை சொல்ல மாட்டேன். பென்ஷன் உள்ள ஆட்டம் நம் வீடுகளுக்குப் புரிகிற ஆட்டம்.

ஜெனிஃபர் கைப்பிடித்தது ஹாக்கிக்காரரை. கோவாவில் பிறந்த டாக்டர் வேஸ் பயஸ், 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கிய இந்திய அணியின் நடுக்களக்காரர். 2025 ஆகஸ்டில் காலமானார். அவர்களுக்கு 1973 ஜூன் 17-ம் தேதி பிறந்த மகன் லியாண்டர். மதுசூதன் செத்து நூறு வருடம் முடிய பன்னிரண்டு நாள் இருந்தது. பையனின் கையில் ஹாக்கி மட்டையும் நிற்கவில்லை, ஏழாம் நம்பர் பந்தும் நிற்கவில்லை. டென்னிஸ் மட்டை நின்றது. 1985-ல், பன்னிரண்டு வயதில், அவனை மதராஸுக்கு அனுப்பினார்கள். அமிர்தராஜ் குடும்பத்தார் நடத்திய பிரிட்டானியா டென்னிஸ் பயிற்சிக்கூடம். பள்ளிக்கூடம், சேத்துப்பட்டில் மதராஸ் கிறிஸ்தவக் கல்லூரி மேல்நிலைப் பள்ளி. எள்ளுத் தாத்தா கப்பலில் வந்து இறங்கி 137 வருடம் கழித்து, அதே ஊருக்கு எள்ளுப் பேரன் வந்து இறங்கினான். இருவருக்கும் முதல் காரியம் பள்ளிக்கூடம்தான். ஒருவர் பாடம் நடத்த, இன்னொருவர் பாடம் படிக்க.

அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும். 1990-ல் விம்பிள்டன் ஜூனியர் பட்டம். 1996 அட்லாண்டாவில் வெண்கலம், 1952-ல் கே.டி. ஜாதவ் மல்யுத்தத்தில் வாங்கிய பிறகு தனிநபர் பிரிவில் இந்தியாவுக்கு வந்த முதல் ஒலிம்பிக் பதக்கம். ஏழு ஒலிம்பிக். கிராண்ட்ஸ்லாம் பட்டங்கள் ஆண்கள் இரட்டையரில் எட்டு, கலப்பு இரட்டையரில் பத்து. கலப்பில்தான் கை ஓங்கியிருந்தது. நான் சும்மா எண்ணிக்கையைத்தான் சொன்னேன்.

ஆம்பூர் வாசகர் மூன்றாம் முறையும் கூப்பிட்டார். பையனிடம் எல்லாம் சொன்னாராம். லியாண்டரின் அம்மா பாஸ்கெட்பால் கேப்டன் என்றதும் அவன் செல்லைக் கீழே வைத்துவிட்டு, “வீடியோ இருக்கா?” என்று கேட்டிருக்கிறான். இல்லை என்றதும் மறுபடி செல்லை எடுத்துக்கொண்டானாம்.

மதுசூதன் மதராஸை விட்டுப் போன அதே 1856-ல், ஜூலை முதல் தேதி, ராயபுரத்திலிருந்து ஒரு ரயில் கிளம்பியது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில். அது போய் நின்ற இடம் நம் வாலாஜா ரோடு. அந்த எஞ்சினை ஓட்டவும் கரி அள்ளவும் கொடி காட்டவும், கம்பெனி வேண்டாம் என்று தள்ளிய அதே பையன்களைத் தேடி ஆள் வந்தது. அடுத்த இதழில் அந்த ரயிலில் ஏறி அரக்கோணம் வழியாக ஜோலார்பேட்டை போவோம்.

(தொடரும்)